பரமசிவம் சொன்னது நெசம்

சபாபதி, உன் பெரியம்மா எழுதறேன். எழுத்து கோணலா இருக்குன்னு சிரிக்காத. எங்க ஊரு பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும்தான் போனேன், அதுக்கப்புறம் இந்தக் கை எழுதினதெல்லாம் தெனம் காலையில நோட்டுல எழுதற சிவநாமம்தான். நீ கோவிந்தன்கிட்ட குடுத்தனுப்பின சீட்டு வந்துச்சு. சிதம்பரத்து வீட்டுச் சாவி வேணும், புதன்கெழம காலையில கவுன்சிலருங்க வருவாங்க, பின்கட்டு மட்டும் போதும், சோத்துக்கு ஆளு கோவிந்தனே பாத்துக்குவான்னு எழுதியிருந்த. சாவி குடுக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். மீசைய முறுக்கிக்கினு, "ஏம்மா, அண்ணனுக்கு என்னன்னு சொல்றது?"ன்னு கேட்டான். "நான் எழுதிக்கறேன், நீ போ"ன்னுட்டேன். அந்த எழுதறதுதான் இது. உனக்குத்தான் எழுதறேன், ஆனா ஒளிச்சு எழுதல. யார் படிச்சாலும் படிக்கட்டும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீ நிக்கறது தப்புன்னு நான் சொல்லல. சேர்மனா வந்தா சேரிக்கு தண்ணிக் குழாய் போடுவேன்னு சொல்றியே, அது நல்ல காரியம். உன் பெரியப்பாவும் அதத்தான் சொல்லி நின்னாரு. அப்போ எனக்கே மனசு ஒப்பல, அவுங்களும் நம்மளும் ஒரே தண்ணியான்னு அவர்கிட்ட மொகத்த திருப்பிக்கினேன். நான் வளந்த வளப்பு அப்படி. இப்போ கோயில் கதவே எல்லாருக்கும் தொறந்தாச்சு, நடராசருக்கே இல்லாத தீட்டு எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். ஆனா உன் நோட்டீஸப் பாத்தேன்டா. 'முன்னேறிய நகருக்கு முன்னேறிய சேர்மன்'னு கொட்ட எழுத்துல அடிச்சிருக்க. அந்த நோட்டீஸ் ஒட்டினவன உன்ன எதுத்து நிக்கற உப்பு காண்ட்ராக்டரு ஆளுங்க அடிச்சாங்களாம். உடனே உன் ஆளுங்க போயி அவுங்க ஆளோட சைக்கிள் கடைய நொறுக்கி, செயினால அவன் வாயில அடிச்சு பல்லு அஞ்ச கொட்ட வெச்சாங்களாம். அதுக்கு பதிலுக்கு அவுங்க உன் வண்டி மாட்டோட பின்னங்கால அருவாளால வெட்டிட்டுப் போனாங்களாம். அந்த மாடு மஞ்சக்குப்பம் ரோட்டுல மூணு காலுல நின்னு கத்தினத உன் பொண்டாட்டி பாத்துட்டு வந்தா, அவளுக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. மாசமா இருக்கற பொண்ணுடா அவ. இதுதான் முன்னேறிய நகரா?

உனக்கு இந்த அடிக்கற கைய யார் குடுத்தான்னு யோசிச்சுப் பாக்கறேன். உன் பெரியப்பா குடுத்தாருன்னு ஊரு சொல்லும். நம்ம மல்லாட்ட மண்டியில கடல மூட்ட தூக்கறவன் சொணங்கினா அவரு சாட்டைய எடுப்பாரு, எனக்கும் ரெண்டு மூணு தடவ விழுந்திருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நெசத்த சொல்லணும்னா குடுத்தது நான். என் தங்கச்சி உன்னப் பெத்துப் போட்டு கண்ண மூடினப்போ உனக்கு பதினாறு நாளு. எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. உன்ன மடியில வாங்கினப்போ, இந்தப் புள்ளைய யாரும் ஒரு சொல்லு சொல்ல விடமாட்டேன்னு சாமிகிட்ட வேண்டிக்கினேன். சாமிகிட்ட கேக்கக் கூடாதத கேட்டுட்டேன். உனக்கு எட்டு வயசு இருக்கும், பக்கத்து வீட்டுப் புள்ள மண்டைய கல்லால ஒடச்சுட்டு ஓடிவந்து என் பின்னால நின்ன. அவுங்க அம்மா ரத்தம் சொட்டச் சொட்ட புள்ளையத் தூக்கிக்கினு வாசல்ல வந்து நிக்கறா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம்புள்ள காலையிலேர்ந்து வீட்ட விட்டு நகரல, உம்புள்ள எங்கியோ விழுந்துட்டு வந்திருக்கான், சாமி சத்தியமா"ன்னு வெளக்கு மேல அடிச்சு சொன்னேன். அவ போனதும் உனக்கு தோச சுட்டுக் குடுத்தேன். நீ தின்னுக்கினே என்னப் பாத்து சிரிச்ச. அந்த சிரிப்பு எனக்கு அப்போ இனிப்பா இருந்துச்சு. அன்னைக்கே உன் காதத் திருகி அவ கால்ல விழ வெச்சிருந்தா, இன்னைக்கு இந்தக் காகிதம் எழுத வேண்டியதில்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். உன் பெரியப்பா சேர்மனுக்கு நின்ன அந்த மார்கழி மாசம், ஏழு வருஷம் முன்னால, உலகச் சண்ட நடந்துக்கினு இருந்த காலம், அரிசிக்கே ஆலாப் பறந்த காலம். சேர்மன ஜனங்க நேரா போடறதில்ல, கவுன்சிலருங்கதான் போடணும், ஊரு யாரு பக்கம்னு அவுங்களுக்குக் காட்டத்தான் நோட்டீஸும் கூட்டமும். அதனால ஓட்டு நாள் வரைக்கும் நம்ம பக்கத்து ஆளுங்கள எதிராளி தூக்கிக்கினு போகாம எங்கியாவது அடச்சு வெச்சு சோறு போடறது வழக்கமாப் போச்சு. நம்ம ஆளுங்க ஒம்போது பேர கடலூர்லேர்ந்து கூண்டு வண்டியில ஏத்தி, சிதம்பரத்துல எங்க அப்பா வீட்டுப் பின்கட்டுல கொண்டாந்து எறக்கினாங்க. தெக்கு வீதிக்குப் பின்னால சந்துக்குள்ள இருக்கறதால கண்ணுல படாதுன்னு. கோவிந்தன் வாசல்ல கம்போட உக்காந்தான். நீ அப்போ சிதம்பரத்துல காலேஜ் படிச்சுக்கினு இருந்த, லீவுன்னு வந்து காவலுக்கு நின்ன. சமையலுக்கு நம்ம பரமசிவம். உனக்கு அவரத் தெரியாதா? நீ நடக்கற வயசுலேர்ந்து நம்ம வீட்டுல கரண்டி புடிச்சவரு. உனக்கு மாந்தம் வந்தப்போ வசம்பு சுட்டுக் குடுத்த கையி.

அந்த ஒம்போது பேருல ஒருத்தரு நல்லமுத்து. புதுப்பாளையத்துப் பக்கம் தறி போட்டிருந்தவரு, ஒல்லியா, நெத்தி நெறைய திருநீறோட. மத்தவங்கள்லாம் சீட்டாடிக்கினு, வெத்தல போட்டுக்கினு, "சேர்மன் ஆகப் போறவரு வெளிய காத்து வாங்கறாரு, நம்ம உள்ள ஜெயிலுல கெடக்கறோம்"னு கேலி பேசிக்கினு பொழுதப் போக்கினாங்க. இவரு மட்டும் பின்கட்டு சன்னல்ல நின்னு கோபுரத்தப் பாத்துக்கினே இருப்பாரு. தேரு அன்னைக்கு வடம் புடிக்கற சத்தம் கேட்டுச்சு, சன்னல் கம்பியப் புடிச்சுக்கினு அழுதாரு. "ஏம்மா, கூடையில கவுத்து வெச்ச கோழிக்குக் கூட காத்து வரும். எம்புள்ளைக்கு காச்சல்ல நாக்கு இழுத்தப்போ ஆருத்ராவுக்கு வந்து கும்பிடறேன்னு வேண்டிக்கினு பொழைச்சுதும்மா. இங்கியே வந்துட்டு, கூப்புடற தூரத்துல இருந்துக்கினு பாக்காம போனா, அது என்ன ஆகும்?"ன்னு என்னக் கேட்டாரு. என்னக் கேட்டாருடா. உன் பெரியப்பாவக் கேட்டிருந்தா ஒரு அறை விட்டு உக்கார வெச்சிருப்பாரு.

சிதம்பரத்துல பொறந்தவ நான். ஆருத்ரா அன்னைக்கு சாமிய பாக்க வந்தவன வீட்டுக்குள்ள பூட்டி வெச்சா, அந்தப் பாவம் நேரா என் புருஷன் நாற்காலி மேல வந்து உக்காரும்னு பயம். வேண்டுதல நிறுத்தி வெச்ச வீட்டுக்கு நல்லது நடக்குமா? அப்படியே ஜெயிச்சாலும் நிக்குமா? இப்படி ஒரு கணக்கு போட்டேன். ஊருல இருக்கற எந்த அரசியல்காரனும் போட மாட்டான், சாமி சாமின்னு திரியற என்ன மாதிரி பொம்பளதான் போடுவா. மறுநாள் தரிசனத்துக்கு நேரம் நெருங்கறப்போ, கோவிந்தன் சாப்புட்டு அசந்திருந்தான், நீ கடைத்தெருவுக்குப் போயிருந்த. நல்லமுத்து தலையில என் பழைய சால்வையப் போத்தி, கிணத்தடிக் கதவு வழியா நானே கூட்டிக்கினு போனேன். ஒரு நாழியில திரும்பிடலாம்னு. அடுப்பங்கரையில பரமசிவம் களி கிண்டிக்கினு இருந்தாரு. நிமிந்து எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. "அம்மா"ன்னு ஒரு வார்த்த சொல்ல வந்தாரு. நான் வாய்மேல வெரல வெச்சேன். தலைய ஆட்டிட்டு குனிஞ்சுட்டாரு.

தரிசனம் ஆச்சு. சாமி ஆடி ஆடி உள்ள போற அந்த நேரம், கூட்டம் மொத்தமும் ஒரே கொரலா கத்தினப்போ, நல்லமுத்து ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கினு "போதும்மா, போதும்மா"ன்னு சொன்னாரு. எனக்கும் ஆனந்தமா இருந்துச்சு, நான் ஒரு புண்ணியம் பண்ணிட்டேன்னு. கோயில விட்டு கீழ வீதிக்கு வெளிய வந்தோம். அப்பவும் எதிராளியா நின்ன அந்த உப்பு காண்ட்ராக்டரு ஆளு ஒருத்தன் பொரிக்கட பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். சால்வ நழுவிடுச்சு. "டேய், தறிக்காரன்டா!"ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். நாலு பேரு, அஞ்சு பேரு, எங்கேர்ந்து வந்தாங்கன்னே தெரியல. ஒருத்தன் கழுத்துத் துண்ட முறுக்கி இழுத்தான். இவரு குதிர வண்டிச் சக்கரத்தப் புடிச்சுக்கினு விடல. வெரல் மேல கட்டையால அடிச்சாங்க. விட்டாரு. தாடையில அடிச்சாங்க. அந்த சத்தம், தேங்கா ஒடைக்கற சத்தம்டா அது, சிதறு தேங்கா. வாயிலேர்ந்து ரத்தம், நெத்தித் திருநீறு மேலயும் ரத்தம். காதப் புடிச்சு இழுத்ததுல காது பிஞ்சு தொங்குச்சு. கூட்டம் வீட்டுக்குப் போற அவசரத்துல மேல மேல வந்து மிதிச்சுது. அவரு என் பக்கம் கைய நீட்டினாரு. நான் பத்தடி தூரத்துல நின்னேன்.

நான் கத்தல, சபாபதி. இந்த ஏழு வருஷமும் நான் எத்தினியோ தடவ சாமிகிட்ட சொல்லியிருக்கேன், வாய் வரலன்னு, பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு. அது பொய்யி. வாய் வந்துச்சு. 'நான் கத்தினா நான் கூட்டிக்கினு வந்தது தெரிஞ்சுடும், வீட்டுக்காரரு என்ன வெட்டிப் போட்டுடுவாரு'ன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அந்த நெனப்பு வந்ததும் வாய மூடிக்கினேன். முக்காட்ட இழுத்துப் போட்டுக்கினு, சந்து சந்தா புகுந்து, கிணத்தடிக் கதவு வழியா வீட்டுக்குள்ள வந்தேன். கால அலம்பிக்கினேன். பூச ரூமுக்குள்ள போயி உக்காந்தேன்.

அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நீயும் அதுக்குள்ள திரும்பி வந்திருந்த. ஆனா நீ எதப் பாத்த, நான் எதக் கேட்டேன், ரெண்டும் வேற வேற. நம்ம ஆளு ஒருத்தன் ஓடிவந்து 'நல்லமுத்துவ அடிச்சுப் போட்டுட்டாங்க'ன்னு சொன்னான். உன் பெரியப்பா வந்து கோவிந்தன் கன்னத்துல ரெண்டு விட்டாரு. கோவிந்தனுக்கு தான் தூங்கினது வெளிய தெரியக் கூடாது. "அண்ணே, தெனம் காய்கறி வாங்க வெளிய போறவன் ஒருத்தன்தான். அவன்தான் காட்டிக் குடுத்து, ஆள வெளிய தள்ளி விட்டிருக்கான்"னு சொன்னான். அடுப்பங்கரைக்குப் போனாங்க. எனக்கு சொவத்துக்கு அந்தாண்ட எல்லாம் கேக்குது.

"என்ன மாமா, களியக் கிண்டிக்கினே காட்டியும் குடுத்துட்டியா?"ன்னு கோவிந்தன் சிரிச்சுக்கினே கேட்டான். அடுத்தது ஒரு பாத்திரம் விழுந்துச்சு. ஏழுகறிக் கொழம்பு அடுப்புல கொதிச்சுக்கினு இருந்தத எத்தி விட்டான், பரமசிவம் கால் மேல கொட்டுச்சு. அந்த ஆளு போட்ட சத்தத்துக்கு பின்கட்டுல சீட்டாடினவங்க சீட்ட கீழ போட்டுட்டாங்க. "ஐயோ, நான் இல்லீங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னாரு. "தெரியாதா? அப்ப கதவு தானா தொறந்துச்சா?" மறுபடியும் அடி. வயித்துல எத்தற சத்தம். அப்பதான் சொன்னாரு. "அம்மாதாங்க கூட்டிக்கினு போனாங்க. சாமி பாக்க."

நான் மணிய எடுத்தேன். பூச மணிய எடுத்து அடிச்சேன். எனக்கு அந்த வார்த்த கேக்கக் கூடாது, வேற யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு, கையி வலிக்க வலிக்க அடிச்சேன். மணி சத்தத்துக்கு மேல உன் கொரல் கேட்டுச்சு. "எங்க பெரியம்மா மேலயா பழி போடற? பூச ரூம்ல உக்காந்திருக்கறவங்க மேலயா?" அவரு ரெண்டாவது தடவயும் சொன்னாரு. நீ இரும்பு சட்டுவத்த எடுத்த. மூணாவது தடவ "சத்தியமா அம்மாதான் தம்பி"ன்னாரு. தம்பின்னுதான் சொன்னாரு உன்ன. கைய தரையில வெச்சு கோவிந்தன் மிதிச்சுக்கினான், நீ மணிக்கட்டுல அடிச்ச. ஒண்ணு, ரெண்டு, மூணு. எலும்பு ஒடஞ்சது எனக்கு சொவத்துக்கு இந்தாண்ட கேட்டுச்சு. அப்புறம் அவரு ஒண்ணும் சொல்லல. நான் மணியக் கீழ வெச்சேன். நீ உள்ள வந்து, கையில கொழம்பும் ரத்தமுமா என் முன்னால நின்னு, "பயப்படாதீங்க பெரிம்மா, அந்தத் துரோகிய தண்டிச்சுட்டேன்"ன்ன. நான் உன் நெத்தியில திருநீறு வெச்சேன்.

பரமசிவம் சொன்னது நெசம். அத எழுதத்தான் இத்தினி காகிதம். நீ ஒடச்சது ஒரு துரோகியோட கைய இல்ல. நெசத்த சொன்ன ஒரு மனுஷனோட கைய, அவன் நெசத்த சொன்னதுக்காகவே ஒடச்ச. ஒடைக்க விட்டது நான்.

நல்லமுத்து நாலாம் நாளு ஆஸ்பத்திரியில போயிட்டாரு. தாடை போனதால கடைசி வரைக்கும் பேச்சு இல்ல, அதனால என் பேரு யாருக்கும் போகல. ஆருத்ரா கூட்டத்துல மிதிபட்டு செத்தான்னு போலீசுல எழுதி முடிச்சுட்டாங்க. சேர்மன் தேர்தல்ல ஒரே ஓட்டுல பெரியப்பா தோத்தாரு. அந்த ஒரு ஓட்டு நல்லமுத்து. அதே வருஷம் அவரும் நெஞ்சு வலின்னு சாஞ்சாரு. சாகற அன்னைக்குக் கூட "சமையக்காரன் கழுத்தறுத்துட்டான்டி"ன்னுதான் சொன்னாரு. நான் தண்ணி குடுத்தேன், வாயத் தொறக்கல. அப்படி ஒரு கல்லு நெஞ்சோட ஏழு வருஷம் தெனம் சிவநாமம் எழுதினேன். எழுதினா கரையும்னு நெனச்சேன். நோட்டுதான் தீந்துச்சு.

அப்படியே செத்துப் போயிருப்பேனோ என்னமோ. போன மாசம் உன் கூட்டத்துக்கு பொம்பளைங்களுக்கு தனியா பாய் போட்டிருக்குன்னு கூட்டிக்கினு போனாங்க. நீ மேடையில நின்னு பேசின. நல்லாத்தான் பேசின. குழாய்ன்ன, வெளக்குன்ன, பொம்பளப் புள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம்ன்ன. அப்புறம் சொன்ன, "எங்க வீட்டு உப்பத் தின்னுட்டு எங்கள காட்டிக் குடுத்த சமையக்காரன் பரமசிவத்தையே நான் விடல, இந்த ஊர சொரண்டறவங்கள விட்டுடுவேனா?"ன்னு. ஜனங்க கை தட்டினாங்க. என் பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள என் தொடையத் தட்டி, "புள்ளன்னா இப்படி இருக்கணும்"ன்னா. நீ சேர்மனுக்கு ஏறுற படியில மொதப் படியே அந்த மனுஷனோட கைன்னு எனக்கு அப்பதான் வெளங்குச்சு. ஏழு வருஷமா இதே கதைய நீ ஊரு ஊரா சொல்லிக்கினு இருந்திருக்க. அந்தப் பேரோட ஒரு மனுஷன் எங்கியோ வாழ்ந்துக்கினு இருக்கணுமே, எப்படி வாழ்ந்தான்னு நீ ஒரு நாளு நெனச்சியா? நான் நெனச்சேன். நெனச்சு நெனச்சு வேற பக்கம் பாத்துக்கினேன்.

விசாரிச்சேன், திட்டக்குடியில இருக்காருன்னாங்க. பஸ்ஸுல போனேன். சந்தை ரோட்டோரம் ஒரு கீத்துக் கொட்டா, இட்லிக் கடை. அவரு சம்சாரம் அஞ்சலைதான் அடுப்புல நிக்கறா. அவரு இடது கையால எலை போட்டுக்கினு இருந்தாரு. வலது கை மணிக்கட்டுலேர்ந்து உள்பக்கமா மடங்கி, காஞ்ச கெளை மாதிரி நெஞ்சுல ஒட்டிக்கினு இருக்கு. என்னப் பாத்ததும் பெஞ்ச தொடச்சு, "வாங்கம்மா"ன்னாரு. அவரு அப்படி சொன்னதுக்கு அங்கியே பூமி பொளந்திருக்கலாம். அஞ்சலை திரும்பினா. "இவுங்களா? எதுக்கு வந்தீங்க? இன்னொரு கை பாக்கி இருக்கேன்னா?"ன்னா. நான் சொல்ல வந்தத நின்னுக்கினே சொன்னேன், இட்லி தின்ன வந்தவங்க எல்லாரும் கேக்க. 'நான்தான் கூட்டிக்கினு போனேன், உங்க வீட்டுக்காரரு சொன்னதுதான் நெசம்'னு. அஞ்சலை வந்து என் கன்னத்துல ஒரு அறை விட்டா. காது கொய்யுன்னுச்சு. இன்னொண்ணு விட்டா. அவரு "விடுடி"ன்னு குறுக்க வந்தாரு. நான் விட வேணாம்னேன். இத உன்கிட்ட புகாரா எழுதல, நல்லாக் கேட்டுக்க. கோவிந்தனோ வேற எவனோ திட்டக்குடிப் பக்கம் கால வெச்சான்னு கேள்விப்பட்டா, அந்தக் கடை வாசல்ல நான் போயி படுத்துக்குவேன், என்ன மிதிச்சுட்டு உள்ள போகட்டும்.

அப்புறம் அவரு பெஞ்சுல உக்காந்து மெதுவாப் பேசினாரு. "மூணு தடவ சொன்னேன்மா. மூணாவதுக்குதான் கை போச்சு. நாலாவது சொல்லல. பூச ரூம்ல மணி அடிச்சுது. சரி, பூசைய முடிச்சுட்டு அம்மா வெளிய வந்து சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். மணி நின்னுச்சு. நீங்க வரல." இவ்வளவுதான் சொன்னாரு. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்.

நான் அவரு கால்ல விழப் போனேன், தள்ளி உக்காந்துட்டாரு. "கால்ல விழுந்து எனக்கு என்ன ஆவப் போவுது? கல்யாண சமையலுக்கு எவனும் கூப்பிடறதில்ல, கை போனதால இல்லம்மா, ஆளுங்கள வெச்சு நானு செஞ்சுடுவேன். 'காட்டிக் குடுத்தவன்'னு கூப்பிடறதில்ல. எம்பொண்ணப் பாக்க வந்தவங்க மூணு பேரு, பேரக் கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. சின்னவரு கூட்டத்துக்குக் கூட்டம் என் பேர சொல்றாரு. திட்டக்குடி வரைக்கும் கேக்குது"ன்னாரு. "என்ன பண்ணணும் சொல்லுங்க"ன்னேன். "எந்த வாயால சொன்னாரோ, அந்த வாயால, அந்த மாதிரி ஒரு மேடையில, நான் காட்டிக் குடுக்கலன்னு ஒரு தடவ சொல்லட்டும். வேற ஒண்ணும் வேணாம்"ன்னாரு. அஞ்சலை அடுப்புலேர்ந்தே, "சொல்லுவாரு, சொல்லுவாரு! சேர்மன் ஆயிட்டு சொல்லுவாரு"ன்னா. அவ சொன்னது எனக்கு தச்சுது. நீயும் அதத்தான் நெனப்ப. ஓட்டு முடியட்டும் பெரிம்மா, அப்புறம் பாத்துக்கலாம்னு. ஓட்டு முடிஞ்சப்புறம் சொல்ற நெசத்துக்கு ஒரு வெலையும் இல்லடா. அது அவருக்கும் தெரியும், அவரு சம்சாரத்துக்கும் தெரியும்.

உனக்கு என்ன நஷ்டம்னு எனக்குத் தெரியும். துரோகிய விடாதவன்னு உன்ன நம்பி வந்த கவுன்சிலருங்கள்ல ரெண்டு பேரு அந்தாண்ட போயிடலாம். உப்பு காண்ட்ராக்டரு இத வெச்சே மேளம் அடிப்பான். நாற்காலி போனாலும் போகும். போகட்டும்னு நான் லேசா சொல்லல, சேரியில குடத்தோட நிக்கற பொம்பளைங்கள நெனச்சா எனக்கும் தயக்கமாத்தான் இருக்கு. ஆனா சபாபதி, ஒரு ஏழையோட கைய ஒடச்சத பெருமையா சொல்லி ஓட்டு வாங்கிட்டு, அந்த நாற்காலியில உக்காந்துக்கினு ஏழைங்களுக்கு தண்ணி விடறேன்னா, அத எப்படிடா நம்பறது? நாளைக்கு உன் ஆபீசுல ஒருத்தன் உனக்குப் புடிக்காத நெசத்த சொல்லுவான். அன்னைக்கும் ஒரு கோவிந்தன் பக்கத்துல நிப்பான். உன் கை எங்க போகும்? கவுன்சிலருங்கள எங்கியும் அடைக்காத. வர்றவன் வரட்டும், போறவன் போகட்டும். அந்த வீட்டுக்கு போட்ட பூட்டால நல்லமுத்து செத்தாரு, பரமசிவத்துக்கு கையும் போச்சு பேரும் போச்சு, நானும் பாதி செத்தேன். இன்னொரு தடவ அந்த வீட்ட அதுக்குக் குடுக்க மாட்டேன்.

உன் பொண்டாட்டி கிட்ட இதப் படிச்சுக் காட்டு. அவ வயித்துல இருக்கறதுக்கும் நாளைக்கு ஒருத்தன் மண்டைய ஒடச்சுட்டு ஓடிவந்து பின்னால நிக்க ஆசை வரும். அவளாவது என்ன மாதிரி வெளக்கு மேல அடிக்காம இருக்கட்டும். உடம்பப் பாத்துக்கச் சொல்லு, வெறும் வயித்துல காப்பி குடிக்க வேணாம்.

வர்ற வெள்ளிக்கெழம மஞ்சக்குப்பம் மைதானத்துல உன் கடைசிக் கூட்டம்னு நோட்டீஸ்ல பாத்தேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு. பரமசிவத்தையும் அஞ்சலையையும் கூட்டிக்கினு நான் வரேன். அவரு வர மாட்டேன்னுதான் சொன்னாரு, அவதான், "போயித்தான் பாப்போமே, அடிச்சா அத்தினி பேரு முன்னால அடிக்கட்டும்"ன்னு சேலைய இழுத்து சொருகிக்கினா. பொம்பளைங்க பாயில உக்கார மாட்டேன், மேடைக்கு நேரா முன்னால நிப்போம். ரெண்டுல ஒண்ணு நடக்கும், அன்னைக்கு அந்த மைதானத்துல பரமசிவம் நெசம் சொன்னாருன்னு ஜனங்க கேக்காம வீட்டுக்குப் போகப் போறதில்ல. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா, அத மட்டும் நீ முடிவு பண்ணிக்க.

பெரியம்மா